டப்பா ஆபீஸர் தந்த ஆம்ப்ளிஃபையர்

அந்த இரண்டு கிளிப்புகளும் பேக்கிங் சாமான் என்றுதான் நான் நம்பினேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. கொண்டை ஊசியைக் குட்டையாக நறுக்கி வளைத்த மாதிரி, பளபளவென்று இரண்டு உலோக வளைவுகள். ஆம்ப்ளிஃபையரின் முதுகில் வரிசையாக இருந்த ஓட்டைகளில் இரண்டு ஜோடியை இணைத்து மாட்டியிருந்தன. அவற்றில் எந்த வயரும் வந்து சேரவில்லை. வயர் வராத இடத்தில் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள் என்றால் அது வழியில் ஆடாமல் இருக்கத்தான் என்று தீர்மானித்தேன்.

சாதாரண முட்டாளுக்கு இந்த யோசனை வராது. அதற்குத் தொழில் அனுபவம் வேண்டும். புனேயை ஒட்டிய போசரியில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பிரிவில் எனக்கு அப்போது பன்னிரண்டு வருட சர்வீஸ். மிஷின் கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால், அதில் ஆடக்கூடிய பாகம் ஒவ்வொன்றையும் ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கி, 'ஓட்டுவதற்கு முன் கழற்றவும்' என்று சிவப்பு அட்டை கட்டுவது என் வேலை. கழற்றாமல் ஓட்டி மிஷினை நாசம் செய்த வாடிக்கையாளர்களை நான் கொஞ்சமாகவா திட்டியிருக்கிறேன்! அதனால் எந்தச் சாமான் வீட்டுக்கு வந்தாலும், எதைக் கழற்றலாம் என்றுதான் என் கண் முதலில் தேடும்.

ஆம்ப்ளிஃபையரைத் தந்தவர் ஒரு வாரண்ட் ஆபீஸர். திருநெல்வேலிக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில் இருந்தார், ரேடார் பழுது பார்ப்பவர். விஷ்ராந்த்வாடியில் ஒரே காய்கறிக்காரரிடம் இரண்டு பேரும் முருங்கைக்காய்க்காக மராத்தியைக் கொலை செய்துகொண்டிருந்தபோது பழக்கம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உம்ம வீட்டுல அதிகமா கேக்கிற கேசட் எதுவோ அதை எடுத்துட்டு வாரும்வே" என்றார். எட்டு வருடமாக என் டூ-இன்-ஒன் ரேடியோ டேப்பில் தேய்ந்துகொண்டிருந்த ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியைக் கொண்டுபோனேன்.

அவர் வீட்டு அலமாரியில் கறுப்பாக, அகலமாக ஒரு பெட்டி இருந்தது. ஸ்டீரியோ என்றால் பச்சை விளக்குகள் எகிறிக் குதிக்க வேண்டும் என்பது அந்நாளில் என் கொள்கை. இதில் நான்கு குமிழ்களும் ஒரே ஒரு சிவப்புப் புள்ளியும்தான். கம்பெனியின் பெயரை இங்கே எழுதினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. எனக்கு இன்றுவரை அதைச் சரியாக உச்சரிக்க வராது. பம்பாயில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கினாராம். பக்கத்தில் இருந்த டெக்கில் கேசட்டைப் போட்டார். முதலில் ஒரு தம்புரா கேட்டது. பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இடதுபக்கம் இரண்டாவது வரிசையிலோ மூன்றாவது வரிசையிலோ உட்கார்ந்திருந்த ஒருவர் இருமினார். எட்டு வருடமாக அந்த மனிதர் இருமிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை! சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. தினமும் தூசி தட்டி, துணி போர்த்தி வைத்திருந்தேனே, அந்த டூ-இன்-ஒன் இத்தனை காலம் இந்தத் தம்புராவை எங்கே ஒளித்து வைத்திருந்தது?

"இந்தக் கம்பெனியைக் கேள்விப்பட்டதே இல்லைங்களே சார்" என்றேன்.

"நீரு கேள்விப்படலைன்னு அதுக்குத் தெரியாதுல்லா. அது பாட்டுக்குப் பாடும்."

அடுத்த வருடம் அவருக்கு அஸ்ஸாமுக்கு மாற்றல் வந்தது. "அங்க உள்ள ஈரத்துல பூஞ்சை பிடிச்சுப் போகும்வே. நீரு வச்சுக் கேளும்" என்று ஆம்ப்ளிஃபையர், டெக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பெட்டி கட்டி என் வீட்டு வாசலில் இறக்கினார். விலைப் பேச்சை எடுத்தேன், முறைத்தார். அன்று சாயங்காலமே அவருக்கு ரயில்.

மறுநாள் பெட்டியைப் பிரித்தேன். கிளிப்புகளைப் பார்த்தேன், உருவினேன்.

"அதை எதுக்குங்க புடுங்கறீங்க?" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது. எங்களுக்கு இதுதான் தொழில்."

தொழில்முறைப்படி ஒரு பிளாஸ்டிக் உறையில் அவற்றைப் போட்டு, 'போக்குவரத்துப் பிடிப்பு. மறுபடி அனுப்பும்போது தேவை. தொலைக்கக் கூடாது' என்று சீட்டு எழுதி, தேதியும் கையெழுத்தும் இட்டு, அட்டைப்பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றினேன். பிறகு சுவிட்சைப் போட்டேன். சிவப்புப் புள்ளி எரிந்தது. கேசட் சுழன்றது. சத்தம் இல்லை.

அதன் பிறகு நான் செய்தவற்றைக் கௌரவமான மனிதர் யாரும் செய்திருக்க மாட்டார். பெட்டியை மோந்து பார்த்தேன். காதை வைத்துக் கேட்டேன். லேசாகத் தட்டினேன், பலமாகத் தட்டினேன், பிறகு தட்டியதற்காகப் பயந்தேன். ஒரு மனிதர் வருடக்கணக்கில் கண்ணாக வைத்திருந்த பொருளை ஒரு மணி நேரத்தில் கொன்றுவிட்டேனே என்று பதறினேன். ஆனால் என் பயத்துக்கு ஆயுள் அரை மணி. அதற்குமேல் அது கோபமாக மாறிவிடும். கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும். முதலில் மின்வாரியத்தின் வோல்டேஜைத் திட்டினேன். அடுத்து மனைவியின் மிக்ஸியை. ரேடியோ கடைகள் நிறைந்த புத்வார் பேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மெக்கானிக் மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது சாப், சத்தம் மட்டும்தான் இல்லை என்றார். கல்யாணம் நன்றாக நடந்தது, மாப்பிள்ளைதான் வரவில்லை என்பதைப் போல! வழிநெடுக அவரையும் திட்டிக்கொண்டு வந்தேன். வீடு சேர்வதற்குள் புத்தியில் அந்த விஷம் ஏறிவிட்டது. இங்கே வந்த பிறகு எதுவும் கெடவில்லை என்றால், வரும்போதே கெட்டுத்தானே வந்திருக்க வேண்டும்? இல்லாவிட்டால் எவன் சும்மா தருவான்?

வாரண்ட் ஆபீஸருக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். 'தூக்கிப் போட இடமில்லாமல் என் வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி' என்று ஒரு வரி அதில் உண்டு. எழுதியபோது அதைப் பிரமாதமான வரி என்று நினைத்து, மனைவிக்குப் படித்தும் காட்டினேன். அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.

பதில் வரவில்லை. பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்துத் தமிழர்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடிப் பொங்கல் கொண்டாடுவோம்; வருடா வருடம் கால்மணி நேரம் சிரிக்க வைப்பது என் பொறுப்பு. அந்த வருடம் எனக்கு விஷயம் கையில் இருந்தது. மேல் உதட்டில் ஷூ பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, அவரைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி, செத்துப்போன பெட்டியை ஒருவன் தலையில் கட்டும் டப்பா ஆபீஸராக நடித்தேன். பின்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

சரியாக ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. தேதியைப் பார்த்தேன். நான் மீசை ஒட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே எழுதி அனுப்பியிருக்கிறார். உள்ளே 'ப' போல வளைத்த இரண்டு செம்புக் கம்பிகள் ஒரு அட்டையில் ஒட்டியிருந்தன. கூடவே அரைப் பக்கம். "இது ஒரு பெட்டி இல்லவே, ரெண்டு பெட்டி. முதல் பெட்டி பாட்டை வாங்கிச் சீர்பண்ணும். ரெண்டாவது பெட்டி அதுக்கு பலம் கொடுக்கும். பின்னால இருக்கிற கிளிப்தான் ரெண்டுக்கும் நடுவுல பாலம். அதை உருவிட்டீரோன்னு தோணுது. சுவிட்சை அணைச்சிட்டு இந்தக் கம்பியை மாட்டிப் பாரும். வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லும்." என் நான்கு பக்கத்துக்கு இதுதான் பதில். அந்தப் பிரமாதமான வரியைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

மாட்டினேன். தம்புரா கேட்டது. இடதுபக்கத்து ஆள் இருமினார். மனைவி ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து அந்த உறையை எடுத்து என் மடியில் போட்டாள். "உங்க கையெழுத்துதானுங்க?"

அவருக்கு மன்னிப்புக் கடிதம் உடனே எழுதிவிட்டேன், அது சுலபம். ஹாலில் சிரித்தவர்களிடம்தான் சிக்கிக்கொண்டேன். ஒவ்வொருவரிடமும் போய், பெட்டியில் தப்பில்லை, தப்பு என்னுடையது என்றேன். பழைய கதையைவிட இதற்கு அதிகமாகச் சிரித்தார்கள். என் கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன்: அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். எதிரில் ஒருவர் சிரித்தால் அதைக் கெடுக்க எனக்கு மனசு வராது. அடுத்த பொங்கலுக்கு மேடையிலேயே சொன்னேன். "இந்த வருஷம் கிளைமாக்ஸை மாத்திட்டாருப்பா" என்று கைதட்டினார்கள்.

பத்து வருடம் கழித்து, அதற்குள் ஓய்வு பெற்றிருந்த வாரண்ட் ஆபீஸர் தன் மகளைப் பார்க்கப் புனே வந்தார். மகளுக்கு இங்கே ஐடி வேலை. நான்தான் பொங்கல் விழாவுக்கு அழைத்துப் போனேன். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, அவரை அடையாளம் கண்டுகொண்ட ஒருவர் அவர் முகத்துக்கு நேரே, "டப்பா ஆபீஸர் சார், இந்தத் தடவை யாருக்கு என்ன கொண்டாந்திருக்கீங்க?" என்றார். வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார், இலையைக் கையில் பிடித்துக்கொண்டு. "கிளிப்பை உருவினவன் நான்தான்யா! இந்த மனுஷன் நல்ல பொருளைத்தான் கொடுத்தாரு!" என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன், குரல் உடைந்துவிட்டது. "நடிப்புன்னா இது நடிப்பு!" என்று யாரோ விசில் அடித்தார்கள்.

வெளியே வந்ததும், "நீங்க ஏனுங்க சார் ஒரு வார்த்தை சொல்லல?" என்று அவரிடமே பாய்ந்தேன்.

"செஞ்ச ஆளு நீரே சொல்லுதீரு, ஒருத்தன் நம்பல. நான் சொன்னா நம்பிருவானாக்கும்?" ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டார். "இப்பவும் பாடுதா?"

"பாடுதுங்க சார்."

"பொறவென்ன. வண்டியை எடும்."

போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில், அவரைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு இளைஞன், "அங்கிள், அந்த டப்பா ஆபீஸர் காமெடி பண்ணுங்களேன்" என்றான். அவன் பிறப்பதற்கு முன்னால் நான் ஒட்டிய மீசை அது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பக்கத்து அலமாரியில் பெட்டி பாடிக்கொண்டிருக்கிறது, முதுகில் அவருடைய செம்புக் கம்பிகளோடு. அசல் கிளிப்புகள் இதோ மேஜைமேல், என் கையெழுத்து போட்ட உறைக்குள்ளேயே இருக்கின்றன. இனி வரும் இரண்டு வரிகளை யாரும் சிரிக்காமல் படிக்கவும்.

வாரண்ட் ஆபீஸர் எனக்குத் தந்த ஆம்ப்ளிஃபையர் ஒரு பழுதும் இல்லாமல் வந்து சேர்ந்தது. கிளிப்புகளை உருவியது நான்.