குறையும் என்றார் டாக்டர், வராது என்றார் அப்பா

எனக்கு விரையில் புற்றுநோய் வந்து, ஒன்றை எடுத்துவிட்டார்கள். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஹெர்னியா. கீமோதெரபியில் முடி கொட்டியதும் அதைத் திருப்பதி வேண்டுதல் ஆக்கிவிட்டாள் அம்மா. அசோக் நகரிலிருந்து வந்த மாமா என் முகத்தை உற்றுப் பார்த்து, "புருவத்தையுமா எடுத்துடறா அங்கே?" என்று கேட்டார். அம்மா காபி கலக்கப் போய்விட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, எங்கள் வீட்டில் தினமும் அதுதான் சமையல்.

கீமோ முடிந்த அன்று எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. மிச்சமிருப்பதற்கும் வருமா? வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அதெல்லாம் இப்போ எதுக்குடா" என்றார். மீறி டாக்டரிடம் கேட்டேன்.

"ஒரு பக்கம் வந்தவங்களுக்கு மறுபக்கமும் வரலாம். நீங்க போட்டுக்கிட்ட மருந்து அந்த வாய்ப்பைக் குறைக்கும். ஆனா வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். மாசம் ஒரு தடவை வெந்நீர்ல குளிச்சதும் நீங்களே தொட்டுப் பாருங்க. கட்டி மாதிரி தெரிஞ்சா உடனே வாங்க" என்றார் டாக்டர், அப்பாவைப் பார்த்தபடி. நோய் எனக்கு, பேச்சு அவர்களுக்குள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா அம்மாவிடம், "மருந்து போட்டாச்சு, இனிமே வராதாம்" என்றார்.

"குறையும்னுதான் சொன்னார்" என்றேன்.

"அபசகுனமாப் பேசாதேடா" என்றாள் அம்மா. மறுவாரமே பெண் பார்க்க என் ஜாதகத்தை வெளியே எடுத்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த வீட்டில் பயப்படக்கூட அனுமதி கிடையாது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்தான் எனக்கு வாய்த்த தனிமை. அதிலும் கதவுக்கு வெளியே அம்மா, "லாரித் தண்ணிடா, இன்னும் என்ன பண்ணிண்டிருக்கே?" என்பாள். தொட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னால் தாங்குவாளா?

ஒரு சனிக்கிழமை, விரலில் சின்னதாக ஏதோ தட்டுப்பட்டது. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். எப்போதும் பின்பக்கம் இருக்கிற தடிப்புதான் என்று நிச்சயமாகும்வரை வெளியே வரவில்லை.

வந்தபோது குளியலறை வாசலில் அப்பா நின்றிருந்தார். வெளியே கிளம்புகிற சட்டை. கக்கத்தில் என் ஆஸ்பத்திரி ஃபைல்.

"ஏண்டா இவ்வளவு நாழி?"

"ஒண்ணுமில்லைப்பா."

"நிஜமாவே ஒண்ணுமில்லையே?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஃபைலை அலமாரியில் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். டாக்டர் சொன்னது அவர் காதிலும் விழுந்துதான் இருக்கிறது. இத்தனை மாதமும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பயந்த மனுஷன், இந்தப் பக்கம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?