தண்ணீர் படக்கூடாத மை

என் வலது புருவத்துக்கு மேலே தொடங்கி தலைமுடிக்குள் ஏறிப்போகும் ஒரு தழும்பு இருக்கிறது. நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் கஞ்சிப் பானை சாய்ந்து விழுந்த இடம். அங்கே முடி முளைக்கவில்லை. வெயிலில் நின்றால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். அம்மா இறந்த பிறகு அப்பாவின் அக்காதான் காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டை நடத்தினாள். அத்தை என்னை "ஏ மொட்ட" என்றுதான் கூப்பிடுவாள். அவள் மகளும் அப்படியே. அப்பா "இந்தா" என்பார். என் பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும் வழக்கத்தில் இருந்தது. ஆறாம் வகுப்போடு அதுவும் நின்றது.

ஒருமுறை அரிவாள்மணையில் உள்ளங்கை கிழிந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட டிரசர் தமிழர், செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருபவர். துணியைச் சுற்றிக்கொண்டே என் நெற்றியைப் பார்த்தார். பார்த்ததை மறைத்துக்கொள்ளவில்லை.

"இது சுட்டதாம்மா?"

தலையாட்டினேன்.

"இப்ப வலிக்குதா?"

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் அந்த டிரசர் வீட்டிலிருந்தே எனக்கு வரன் வந்தது. அவர் கேட்டனுப்பினாரா, தரகர் தற்செயலாகக் கொண்டுவந்தாரா, எனக்குத் தெரியாது. அவர் கேட்டனுப்பினார் என்றே வைத்துக்கொண்டேன். அவருடைய அம்மா முதலில் போட்டோ கேட்டாளாம். சாமி முன்னால் வைத்துப் பூ கேட்டு, உத்தரவு கிடைத்தால்தான் பெண் பார்க்க வருவாளாம்.

ஸ்டுடியோவில் அப்போது கூட்டம் தாங்காது. குடியுரிமைப் பத்திரத்துக்காக ஊரே படம் எடுத்துக்கொண்டிருந்தது. தவுக்கே, அதாவது கடை முதலாளி, சீனர். கடைத்தெருவில் பழகிய தமிழும் மலாயும் கலந்து பேசுவார். தமிழ்ப் பெண்கள் எல்லாரையும் தங்காச்சி என்பார். படம் எடுத்த இரண்டாவது நாள் அத்தை என்னை மறுபடியும் அங்கே இழுத்துப் போனாள். அவள் மகளும் வேடிக்கை பார்க்க வந்தாள். படத்தில் தழும்பின் மேல் முடி வரைவதற்கு எந்தக் கருப்பு சரியாக இருக்கும் என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

தவுக்கே என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். கெட்டுப்போன ஒரு படத்தின் ஓரத்தில் மெல்லிய தூரிகையால் மூன்று புள்ளி வைத்து அத்தையிடம் நீட்டினார்.

"இந்தப் புள்ளி நீலமால்ல இருக்கு? இவ மண்டை என்ன ஆகாயமா?"

"அது நல்ல மை, தங்காச்சி. தாளுக்கு உள்ள போகும். கழுவினாலும் இருக்கும்."

"அடுத்தது?"

"கொஞ்சம் சோக்லட்."

"செம்பட்ட முடிம்பாங்க. வேணாம்." மூன்றாவது புள்ளியைக் கண்ணருகே கொண்டுபோனாள். "ஆங், இதான் கருப்பு. காக்கா மாதிரி."

அது சீன மைக்கட்டி. கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து எடுப்பது. தவுக்கே தயங்கினார். "இது மேல மட்டும் உக்காரும். தண்ணி தா போலே. தண்ணி பட்டா லாரி." மலாயில் தா போலே என்றால் கூடாது, லாரி என்றால் ஓடுவது.

"போட்டோவ யாரு குளிப்பாட்டப் போறா? இதையே போடுங்க."

"அம்மா, அப்படியே மூஞ்சியையும் மாத்திடச் சொல்லு," என்றாள் அத்தை மகள். தவுக்கேயும் சிரித்தார். கை ஆடிவிடும் என்பதால் உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டு, இழை இழையாக எனக்கு முடி வரைந்தார்.

முடிந்ததும் பார்த்தேன். படத்தில் இருந்தவளுக்கு நெற்றி சின்னதாக, முடி அடர்த்தியாக இருந்தது. எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை டிரசரும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். பூ உத்தரவு கிடைத்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அத்தை கேசரி கிண்டினாள். என் முடியைக் குறுக்கே இழுத்து, தழும்பை மறைத்து, மேலே மல்லிகை வைத்துக் கூடத்தில் நிறுத்தினாள்.

அந்த அம்மாள் உட்காரவில்லை. நியூஸ் பேப்பரில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேசையில் வைத்தாள்.

சாமி முன்னால் எதை வைத்தாலும் நம் ஆட்கள் சந்தனம் வைக்காமல் இருக்க மாட்டார்கள். அவளும் படத்தில் என் நெற்றிக்கு ஈரச் சந்தனம் இட்டு, அதன் மேல் குங்குமம் வைத்திருக்கிறாள். வரைந்த முடி கரைந்து, புருவத்தைத் தாண்டி, கண் வழியாகத் தாடை வரைக்கும் கருப்பாக வழிந்திருந்தது. மேலே தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

அத்தையும் அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

"உங்க வீட்டுப் பொண்ணு சாயம் எங்க சாமி ரூம்ல வெளுத்துருச்சும்மா," என்றாள் அந்த அம்மாள். "சாமியே தொடைச்சுக் காட்டிருச்சு. நான் வேற எதுக்குப் பூ கேக்கணும்?"

"அது வந்து, ஸ்டுடியோக்காரன் தெரியாம..."

அவள் காதில் வாங்கவில்லை. நேராக என்னிடம் வந்து மல்லிகையைத் தள்ளி, முடியை விலக்கினாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு என் தழும்பை இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தாள்.

"இதுவும் அழியுமான்னு பாத்தேன்," என்றாள்.

நான் டிரசரைப் பார்த்தேன். வாழ்க்கையில் ஒரு ஆணை அப்படி நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு முன்னாடியே தெரியும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருடைய அம்மாவும் அதற்குள் அவர் பக்கம் திரும்பியிருந்தாள்.

"ஏன்டா, ஆஸ்பத்திரில இந்தப் பொண்ணுக்குக் கட்டுப் போட்டேன்னு சொன்னியே. இதைப் பாக்கலியா நீ?"

"இல்லம்மா," என்றார். "கவனிக்கல."

அந்த நேரம் பார்த்து அத்தை மகள் காப்பித் தட்டோடு வந்தாள்.

"இது யாரு?"

"எம் மகதான்."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இவளுக்குப் போட்டோவே வேணாம். நேர்லயே லட்சணமா இருக்கா."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா காப்பித் தட்டைப் பார்த்தார். அத்தை நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்து இழுத்துப் போட்டாள். "உக்காருங்க, காப்பி ஆறுது. ஏ மொட்ட, உள்ள போயி கேசரி எடுத்தா."

எடுத்து வந்தேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். டிரசர் இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாயடியில் எனக்குப் புதுப் பேச்சு கிடைத்தது. தூறல் விழுந்தால் யாராவது ஒருத்தி, "உள்ள ஓடு புள்ள, வழிஞ்சிரப் போவுது," என்பாள். மற்றவர்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

டிரசருக்கும் அத்தை மகளுக்கும் கல்யாணம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. வாசலில் கருப்புத் திரை கட்டி எல்லாரையும் நிற்கவைத்துத் தவுக்கே படம் எடுத்தார். நான் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். "நீயும் வா, நீயும் வா," என்று அவர்தான் கையை ஆட்டினார். ஈரக் கையோடு போய்ப் பின்வரிசையில் கடைசியில் நின்றேன்.

படத்தை வாங்கப் போனபோது அத்தையோடு நானும் போயிருந்தேன். அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் மேல் விரலை வைத்தாள்.

"இவள எடுத்துருங்க. சம்பந்தி வீட்ல மாட்டப் போறாங்க. பாக்கும்போதெல்லாம் பழைய பேச்சு வரும்."

"வெட்டினா பக்கத்துல மாப்பிள்ளையோட மாமா கை போயிடும், தங்காச்சி."

"மையால மூடுங்க. பின்னால கருப்புத் துணிதானே?"

தவுக்கே என்னை ஒரு தரம் பார்த்தார். சீன மைக்கட்டியை எடுத்துக் கல்லில் தண்ணீர் விட்டார்.

"ஐயோ, அது வேணாம்," என்றாள் அத்தை. "உள்ள போற மைய போடுங்க. கழுவினாலும் போகாதுன்னீங்களே, அது."

"நீலமா தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும்."

என் நிழல் மேசையில் விழுகிறது, கொஞ்சம் தள்ளி உட்கார் என்றார் தவுக்கே. தள்ளி உட்கார்ந்தேன். அவர் இடுப்பிலிருந்து தொடங்கி மேலே போனார். சேலையும் கழுத்தும் சீக்கிரம் மறைந்தன. தழும்பு இருந்த இடம் வெள்ளையாக இருந்ததால் அதற்கு மட்டும் திரும்பத் திரும்ப மை வைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை படத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். கண்ணாடி போட மறுநாள்தான் கொடுப்பதாக இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, நான் நின்ற இடத்தை அழுத்தித் தேய்த்தேன். மறுபடியும் நனைத்துத் தேய்த்தேன்.

விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. தவுக்கே சொன்னது சரி. அது நல்ல மை.