அட்வெர்புக்கு உதாரணம்

மொழித் தேர்வு வாரியத்தின் வாசலுக்கு நேர் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு பேர் உள்ளே நுழைந்தால் மூன்றாவது ஆள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அதை நடத்துகிறவளை எல்லாரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நகல் பிரிவு இருக்கிறது; அங்கே ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலியில், நிரந்தர வேலையில், ஒருநாளாவது உட்கார்ந்துவிட வேண்டும். அதற்கு ஆங்கில முதல் நிலைத் தேர்வில் பாஸ் செய்திருக்க வேண்டும், நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. அவளுக்கு நாற்பத்தைந்து முடிய நான்கே மாதம் இருந்தபோது, ஆள் எடுக்கிறோம் என்று நோட்டீஸ் வந்தது. நோட்டீஸை ஐம்பது காப்பி போட்டுக் கொடுத்ததும் அவள்தான். விட்டால் இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது.

முதல் நிலைத் தேர்வு என்றதும் பயந்துவிட வேண்டாம். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கவே தேவையில்லை. நவுன் என்றால் என்ன, டென்ஸ் என்றால் என்ன, ஆர்ட்டிகிள் என்றால் என்ன என்று நாற்பது இலக்கணச் சொற்களுக்குத் தாய்மொழியிலேயே விளக்கம் எழுதினால் போதும். முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். இதை எழுதிப் பாஸ் செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் ஒருத்தருக்குக்கூட வழி கேட்கும் வெளிநாட்டுக்காரனிடம் "இடது பக்கம் போ" என்று சொல்லத் தெரியாது. அது வேறு விஷயம்.

அவளுக்கு ஒரு கொழுந்தன் உண்டு. கணவனின் கூடப்பிறந்த தம்பி, முப்பத்தெட்டு வயது. வேலை? காலையில் கடை திறந்ததும் வந்து ஸ்டூலில் உட்கார்வான். அவள் ஓடியாடி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்க, இவன் பக்கத்தில் இருந்து, "அண்ணி, பேப்பர் கொஞ்சம் கோணலா இருக்கு," "அண்ணி, அவர் ரொம்ப நேரமா நிக்கறாரு," என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவ்வளவுதான். கெட்டவன் இல்லை, பாவம். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள்தான் பொறுத்துப்போவாள் ஒரு பெண்பிள்ளை?

பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தபோதும் அவன் விடவில்லை. "அண்ணி, எல்லாரும் கைடுதான் படிக்கறாங்க. அதை வாங்கி உரு போடுங்க."

"நீ சும்மா இரு தம்பி. கைடு படிச்சுப் பாஸ் பண்ணி என்ன பெருமை? நான் ஒழுங்காப் படிக்கப்போறேன்."

பழைய புத்தகக் கடையில் தலையணை மாதிரி ஓர் இலக்கண நூலை வாங்கி, மூன்று மாதம் கண்ணும் கருத்துமாகப் படித்தாள். பரீட்சை எழுதினாள். வந்தது முப்பத்துநான்கு.

ஒரு மார்க்! விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்று மனுக் கொடுத்து வாங்கிப் பார்த்தாள். ஐந்து கேள்விகளில் தப்பு அவள் மேல்தான், அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆறாவது, அட்வெர்ப். "ஒரு செயல் எப்படி, எப்போது, எங்கே நடந்தது என்று சொல்லும் சொல். உதாரணம்: மெதுவாக" என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். அதற்குப் பெரிய பூஜ்யம். பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தியவர் கேட்டிருந்தார்: "கணவனின் தம்பி எங்கே?"

அவளுக்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டுடோரியல் வாத்தியார் ஒருவர் தன் குறிப்பைக் கொடுத்து, மத்தியானத்துக்குள் இருநூறு செட் கேட்டார். ஒரு பக்கம் மிஷினில் மாட்டி, அட்வெர்ப் இருந்த இடம் மட்டும் கந்தலாகிவிட்டது. வாத்தியாருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வெர்புக்குப் பக்கத்தில் நிற்பது அட்வெர்ப் என்று பிள்ளைகள் வாசலில் முணுமுணுத்தது அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் புது பேப்பர் கட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அண்ணி, சீக்கிரம்" என்றான். வந்த கோபத்தில் பேனாவை எடுத்து அவளே எழுதி ஒட்டிவிட்டாள்:

"அட்வெர்ப்: வெர்ப் உழைக்கும்போது பக்கத்தில் இருந்து யோசனை மட்டும் சொல்லும் சொல். அது இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். உதாரணம்: கணவனின் தம்பி."

வாத்தியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், மறந்துபோனாள். வாத்தியாரும் படித்துப் பார்க்கவில்லை. எந்த வாத்தியார் படித்துப் பார்க்கிறார்? அடுத்த வருஷம் அந்தக் குறிப்பு அச்சகத்துக்குப் போய்க் கைடு ஆனது. அதைப் படித்தவர்கள் வாத்தியார் ஆனார்கள், வாத்தியார்கள் தேர்வாளர்கள் ஆனார்கள். கல்யாணமே ஆகாத பிள்ளைகள்கூட கணவனின் தம்பியை உரு போட்டுப் பாஸ் செய்து போய்க்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கொழுந்தனும் கூட வந்தான். வராதே என்றாலும் வருவான்.

தேர்வு அதிகாரி ஃபைலைப் பிரித்து மாதிரி விடைத்தாளைக் காட்டினார். அந்த டுடோரியல் வாத்தியாரின் குறிப்பேதான், காப்பிக்குக் காப்பி எடுத்து மங்கிப்போன தாள். அட்வெர்ப் மட்டும் அவள் கையெழுத்தில் இருந்தது.

"சார், இது என் கையெழுத்து சார்! கோபத்துல நான் எழுதினது. இது விடையே இல்ல."

"அப்படியா? எழுதிக் காட்டுங்க."

எழுதிக் காட்டினாள். அதிகாரி பார்த்தார், தலைமை எழுத்தர் பார்த்தார், கண்ணாடி மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கொம்பும் சுழியும் அச்சாக ஒத்துப்போயின.

அதிகாரியின் முகம் இறுகியது. "ரகசியமா இருக்க வேண்டிய விடைத்தாள் உங்க கையெழுத்துல இருக்கு. அப்ப பரீட்சைக்கு முன்னாலயே இது உங்க கையில இருந்திருக்கு."

"ஐயோ, இருந்திருந்தா அதையே எழுதிப் பாஸ் பண்ணியிருக்க மாட்டேனா சார்?"

"அதை எழுதாம விட்டதுதாம்மா சந்தேகத்தையே கிளப்புது."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நடப்பது கைமீறிப் போகிறது என்று பார்த்தவுடன், பின்னால் நின்ற கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான்.

"சார், அண்ணி மேல தப்பில்ல. அந்தக் கணவனின் தம்பி நான்தான்."

தலைமை எழுத்தர் எழுந்தே நின்றுவிட்டார். "நீங்களா?" என்றார், கை கூப்பி. "எனக்கு முப்பத்தைந்து மார்க் சார். சரியா முப்பத்தைந்து. உங்களாலதான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்." விஷயம் காற்றாய்ப் பரவி, அடுத்த அறைகளில் இருந்தெல்லாம் ஆள் வந்து எட்டிப்பார்த்தார்கள். ஒருவர் டீ கொண்டுவந்தார். ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கொழுந்தன் கூச்சத்தோடு உட்கார்ந்தான். இவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "பாடத்திட்டத்துக்குப் பங்களிச்சவங்களுக்குத் தேர்வு எழுத வேண்டிய அவசியமில்லன்னு விதி இருக்கு. நகல் பிரிவு வேலைக்கு இவரையே எடுத்துக்கலாம்."

"பங்களிச்சது நான் சார்!"

"அதை ஒத்துக்கிட்டா விடைத்தாள் வெளிய போன கேஸ்ல உங்களைப் பிடிக்கணும். பெரிய மனசு பண்ணி மறந்துடறேன், நீங்களும் மறந்துடுங்க. இவர் விஷயம் வேற. உயிரோட கண் முன்னால உட்கார்ந்திருக்காரு."

கொழுந்தன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் தலைமை எழுத்தர் அவன் கையில் பேனாவைத் திணித்துவிட்டார். போட்டான் கையெழுத்து.

வீட்டில் அவள் கணவன் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான். "நம்ம வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை வந்துடுச்சு! யார் பேர்ல வந்தா என்ன?"

"என் பேர்ல வந்திருக்கணும்," என்றாள் அவள். சொன்னதும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வாரமே அவளுக்கு நாற்பத்தைந்து முடிந்துபோனது.

அவன் வேலையில் சேர்ந்த அன்று காலை பதினொரு மணி இருக்கும். கடை வாசலில் நிழல் தட்டியது. புதுச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கட்டுத் தாள்.

"அண்ணி, மேல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. அந்த மிஷினை எப்படி ஓட்டறதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவள் நிமிர்ந்து பார்க்காமல், வாடிக்கையாளரின் தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்தாள்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் ஃபெயில்."