தண்ணீர் கூடாத கை

கஞ்சி கையில் கொட்டியபோது கத்தினேன். அதற்குப் பிறகு பல நாள் எதற்கும் என்னிடமிருந்து சத்தம் வரவில்லை. அழுகைகூட வரவில்லை. அந்த மரத்துப்போன நாட்களை அல்லாஹ் எப்படி முடித்து வைத்தான் என்பதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சென்ற ரமலான், முதல் வெள்ளிக்கிழமை. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பை நாங்கள் இளைஞர்கள் ஏற்றிருந்தோம். நான் தஞ்சாவூரில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். எதிலும் முதல் ஆளாக ஓடுகிறவன். அன்றும் அடுப்பிலிருந்து கஞ்சி டேக்சாவை இறக்க நான்தான் முன்னால் நின்றேன். பிடித்திருந்த துணி வழுக்கியது. முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் கொதிக்கும் கஞ்சி.

ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டினார்கள். தண்ணீர் படவே கூடாது, மாத்திரை மூன்று வேளை என்றார் டாக்டர். காதில் வாங்கினேன். ஆனால் இந்த ரமலானில் ஒரு வேளை ஜமாஅத் தொழுகையும் தவறக் கூடாது என்று முன்பே நிய்யத் வைத்திருந்தேன். கை கழுவாமல் ஒளு ஏது? ஒளு இல்லாமல் தொழுகை ஏது? கட்டின் மேல் பாலித்தீன் பையைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, ஒவ்வொரு வேளையும் குழாயில் காட்டினேன். பை ஒழுகும் என்று தெரிந்துகொள்ள முதுகலைப் பட்டம் தேவையில்லை. தெரிந்தும் காட்டினேன். நோன்பு என்று மதிய மாத்திரையையும் விட்டேன்.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்தபோது வாடை வந்தது. டாக்டர் சுத்தம் செய்துவிட்டு, வலது கையின் கடைசி இரண்டு விரல் நுனிகளில் ஊசியால் குத்தினார்.

"தெரியுதா?"

"இல்ல சார்."

"இங்க?"

"இல்ல சார்."

அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "திங்கக்கெழம வாங்க. அதுக்குள்ள உணர்ச்சி வரலேன்னா இந்த ரெண்டு விரலையும் எடுக்க வேண்டி வரும்மா."

நான் தலையாட்டினேன். கடையில் இன்றைக்கு வெண்டைக்காய் இல்லை என்றால் ஆட்டுவோமே, அப்படி. பஸ்ஸில் அம்மா அழுதுகொண்டே வந்தார். பார்த்துக்கொண்டு வந்தேன். அது எனக்குள் வந்து சேரவில்லை.

வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். தண்ணீரும் கூடாது, தண்ணீர் இல்லாமல் தொழுகையும் கூடாது. கதவு மூடிவிட்டது என்று நினைத்தேன். பாங்கு கேட்டது. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தது.

சனிக்கிழமை மாலை அஸர் தொழுகை நேரத்துக்கு என் தங்கை ஷமீமா வந்து நின்றாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வாய் அதிகம்.

"அண்ணே, பாங்கு சொல்லியாச்சு."

"ஒளு செய்ய முடியாதுன்னு தெரியும்ல? போ."

"தண்ணி ஆகாதுன்னா மண்ணு. தயம்மும். குர்ஆன்லயே சட்டமா இருக்கு. போன லீவுல எங்களுக்கு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தியே."

"அது பாலைவனத்துல தண்ணி கெடைக்காதவங்களுக்கு."

"நோயாளிக்கும் உண்டுன்னு நீதான சொன்ன! அத எழுதலன்னு எனக்கு மார்க்க வேற கொறச்ச. இப்ப ஒனக்கு மட்டும் தனி ஷரீஅத்தா?"

"டைல்ஸ் போட்ட வீட்டுல மண்ணுக்கு எங்க போவ?" என்றேன். அவளைத் துரத்தத்தான் சொன்னேன். அவள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் கொல்லைக்கு அடுத்தது சேகர் அண்ணன் வயல். அறுப்பு முடிந்து வெடித்துக் கிடந்தது. அவர் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"என்ன தங்கச்சி, வயலயே தட்டுல அள்ளிட்டுப் போற?"

"அண்ணன் தொழணும்ணே. சுத்தமான மண்ணு வேணும்."

"அப்ப அங்க எடுக்காத! ஆட்டுக்கிடை போட்ட எடம், பூரா புழுக்கை. இந்த வரப்போரமா வா. அவன் கை எப்படிம்மா இருக்கு?"

அவள் வரப்போரத்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்தாள்.

மண்ணில் அவளே தன் கைகளைத் தட்டி, ஊதி, என் முகத்தில் தடவினாள். கட்டின் மேல் பட்டும் படாமல் தடவினாள். "மாத்திரையும் போடு. நோன்ப அப்புறம் வெச்சுக்கலாம். அதுவும் அதே குர்ஆன்தான்" என்றாள். தண்ணீரோடு விழுங்கினேன். வெட்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

பாய் விரித்துத் தொழுதேன். ஸஜ்தாவில் கேட்பதற்கு நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. "யா அல்லாஹ், எனக்கு எதுவுமே உறைக்கல. ஏதாவது உறைக்க வை." அவ்வளவுதான்.

கடைசி ரக்அத்தின் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தேன். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் பாயில் பட்டிருந்தன. சுண்டு விரலில் ஏதோ குத்தியது. ரொம்பச் சின்னதாக.

வலித்தது.

எழுந்திருக்கவில்லை. விரலை இன்னும் அழுத்தினேன். இன்னும் வலித்தது. மூக்கு நுனி வழியாகக் கண்ணீர் பாயில் சொட்டியது.

"அண்ணே! தூங்கிட்டியா? அம்மா, இங்க வாங்களேன்!"

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுப் பார்த்தேன். தாம்பாளத்து மண்ணோடு வந்து பாயில் சிந்திய ஒரு துண்டு நெல்லந்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் ஊசியால் குத்தியதும் வார்டே திரும்பும்படி கத்தினேன். "நல்லா கத்துங்க" என்று சிரித்தார். மோதிர விரலில் கொஞ்சம் மெதுவாக உணர்ச்சி திரும்பியது. இரண்டு விரலும் இருக்கின்றன. சுண்டு விரல் மட்டும் முழுதாக நிமிராது. தொழுகையில் தக்பீருக்குக் கை உயர்த்தும்போது அது வளைந்தே நிற்கும்.

கஷ்டமான கட்டளைதான் அல்லாஹ்வின் கட்டளை, சலுகை பலவீனர்களுக்கு என்று நினைத்திருந்தேன். இரண்டையும் தந்தவன் ஒருவனே. அவன் கொடுத்த சலுகையைத் தள்ளுவதும் அவன் கையைத் தள்ளுவதுதான். சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு மாத்திரையை ஒளித்து நோன்பு பிடிக்கிற அத்தாமார்களே, நாற்காலியில் தொழ வெட்கப்பட்டுத் தொழுகையையே விட்டவர்களே, அவன் திறந்து வைத்த வாசல் வழியாகவே வாருங்கள். அழுகை வராவிட்டாலும் கேளுங்கள். வறண்ட நெஞ்சிலிருந்து கேட்டதற்குத்தான் எனக்கு அவன் பதில் தந்தான்.

விட்ட நோன்புகளை ஆனி மாதத்தில் வைத்தேன். குறுவைக்குத் தண்ணீர் வந்து, மண் எடுத்த இடத்தில் நாற்று நின்றது. ரமலான் இல்லாததால் பள்ளிவாசலில் கஞ்சி கிடையாது. எனக்காக அம்மா வீட்டில் காய்ச்சினார். மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டுக் கஞ்சித் தம்ளரைப் பிடித்தேன். சுண்டு விரல் பட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"குடிச்சு முடிச்சிட்டுல்ல சொல்லணும்?" என்றாள் ஷமீமா.

"சுட்டுச்சு. அதுக்குச் சொன்னேன்."