காது மிஷினைக் கரையில் விட்டு

மாமல்லபுரம், மீனவர் குப்பம். கருங்குழியிலிருந்து தனியாக வந்திருக்கிறேன். உள்ளே கருவி வைத்து ஆபரேஷன் செய்த காது. வெளியே மாட்டும் மிஷினைக் கழற்றிவிட்டுத்தான் கடலில் இறங்க வேண்டும். கழற்றினால் ஒன்றும் கேட்காது.

வலை பிரிக்கிறவரிடம் கேட்கிறேன். "அண்ணா, மிஷினக் கழட்டுனா எனக்குக் காது கேக்காது. அலை இழுத்தா எப்படிக் கூப்புடுவீங்க?"

"போட்ல போறவனுக்கு மட்டும் கேக்குதா இன்னா? துண்டு வீசித்தான் கூப்புடுவோம். அப்பப்ப திரும்பிப் பாத்துகினே இரு."

மிஷினை டப்பாவில் வைத்து அவரிடம் கொடுக்கிறேன். அலைச் சத்தம் அப்படியே நின்றுபோகிறது.

தண்ணீர் சுகமாக இருக்கிறது. கொஞ்சம் நீந்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். துண்டு அவர் தோளில்தான் இருக்கிறது. மறுபடி நீந்துகிறேன், மறுபடி பார்க்கிறேன். ஆபத்து ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் ஒரு தரம் துண்டை வீசிக் கூப்பிட்டால் தேவலை என்றிருக்கிறது.