எதிராளி வீட்டுக்குப் போன வக்கீல்

வழக்கறிஞர் மும்தாஜ் இறந்துவிட்ட செய்தி வந்தபோது, பழனி மலைப்பாதையில் மரம் விழுந்து எங்கள் பேருந்து நின்றிருந்தது. இறங்கி முன்னும் பின்னும் நடந்தேன். "உக்காருங்க சார், நீங்க நடந்தா மரம் நகருமா?" என்றார் ஆயக்குடிக்காரர் ஒருவர். உட்கார முடியவில்லை.

கொடைக்கானல் நீதிமன்றத்தில் அவருடன் பழகிய உங்களுக்குத் தெரியும், சட்ட முதுமொழிகளை அவர் லத்தீனில் சொல்லமாட்டார். நீதிமன்றச் செய்தியாளனான நான் காரணம் கேட்டேன். "லத்தீன்ல சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க. தமிழ்ல சொன்னாத்தான் என் கட்சிக்காரர் 'அது எப்படிங்க?'ன்னு கேப்பாரு. யாரும் எதிர்த்துக் கேக்க முடியாத வாசகம் எதுக்கு?"

எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பளிக்கக் கூடாது என்ற முதுமொழியை அடிக்கடி சொல்வார். அது நீதிபதிக்கான விதி. அவரோ தனக்கும் வைத்துக்கொண்டார். வழக்குப் போடும் முன் எதிராளியின் வீட்டுக்கே போய்விடுவார். "அக்கா யாருக்கு வக்கீலு? டீ போட்டுக் குடுத்தவுங்களுக்கா?" என்று சக வக்கீல்கள் சீண்டுவார்கள்.

பேத்துப்பாறையில் கூலி வேலை செய்யும் ராசம்மாளின் வீட்டுக்கு ஒரே ஒரு பாதை. பக்கத்து விடுதிக்காரர் அதைத் தன் நிலம் என்றார். ராசம்மாளின் வழக்கை எடுத்த மும்தாஜ், வழக்கம்போல முதலில் அவரிடம் போய்ப் பேசினார். வழக்கு வரப்போவது தெரிந்ததும், மறுநாள் விடிந்ததுமே விடுதிக்காரர் பாதையின் குறுக்கே சுவர் எழுப்பத் தொடங்கிவிட்டார்.

ராசம்மாள் நீதிமன்ற வாசலில் சத்தம் போடவில்லை. "உங்களை யாரு அங்க போகச் சொன்னா? இப்ப நாங்க எப்படி வீட்டுக்குப் போறது?" என்று மட்டும் கேட்டார்.

மும்தாஜ் உள்ளே போய், எதிர்த்தரப்பைக் கேட்காமலே சுவர் வேலையை நிறுத்த உத்தரவு வேண்டினார்.

"நீங்களா இப்படிக் கேட்கிறீங்க?" என்றார் நீதிபதி.

"அவரைக் கேட்டாச்சுங்க ஐயா. நேத்து நானே போய்க் கேட்டேன். பதிலைத்தான் இப்ப கட்டிக்கிட்டு இருக்காரு."

உத்தரவு கிடைத்தது. பிறகு இரு தரப்பையும் விசாரித்து, சுவரை இடிக்கச் சொன்னது நீதிமன்றம்.

"இனியும் எதிராளி வீட்டுக்குப் போவீங்களா?" என்று கேட்டேன்.

"போவேன். ஒரு தடவை அடிபட்டோம்னு விட்டுட்டா, இத்தனை நாளும் சௌகரியத்துக்குச் சொன்னதா ஆயிரும்."

சொன்னாரே தவிர, அன்று முழுக்க வராந்தாவில் ஓரிடத்தில் நிற்கவில்லை.

இந்த அஞ்சலிக்காக அந்த விடுதிக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். "எம்மேல கேஸ் போட்டவுங்க நெறையப் பேரு. உங்க பக்கம் என்னங்கன்னு வீட்டுக்கு வந்து கேட்டது அந்தம்மா மட்டுந்தான்," என்றார். பிறகு அவரே, "அப்பவும் சுவரைக் கட்டினேன்," என்றார்.

அந்த முதுமொழியைச் சட்டப் புத்தகத்தில் எவரும் படித்துக்கொள்ளலாம். செய்தியை எழுதி முடித்தாயிற்று என்று எழுந்த பிறகும், பேச மனமில்லாத எதிர்த்தரப்புக்காரர் ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தேடவைக்கும் உறுத்தலை நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்கிறேன்.