மெதுவாப் பேசு, அண்ணி

அண்ணியைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். அந்த வீட்டில் அவளை அதிகம் வாட்டி எடுத்தது நாத்தனாரான நான்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணி பதினாறு வயதில் தறி மில்லில் சேர்ந்தவள். ஒரே கூடத்தில் இருநூறு தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே யாரும் காதை நம்புவதில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். நாலு தறி தள்ளி நிற்பவள் “நூல் அறுந்துபோச்சு” என்று வாயை அசைத்தால் போதும். வெளியே வந்தாலோ தொண்டை கிழியப் பேசுவார்கள். அது கத்தல் என்று அவர்களுக்கே தெரியாது.

இந்த இரண்டு பழக்கத்தோடும் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தாள். உப்பு எங்கே என்று கேட்டால் தெருவே எட்டிப் பார்க்கும். யாராவது பேசினால் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். “என்ன திமிர் பாரும்மா, மூஞ்சியைப் பாத்துப் பேசுறாளா?” என்று அம்மாவிடம் முதலில் வத்தி வைத்தது நான்.

அண்ணன் மீன் சந்தையில் ஏலம் விடுகிறவன். அங்கே அவனுக்கு ‘வெண்கலம்’ என்று பெயர். அப்படி ஒரு குரல். அவனுக்குத்தான் பெண்டாட்டியின் குரல் அவமானமாக இருந்தது. கல்யாணமான இரண்டாம் மாதம், பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில் அவள் கையைப் பிடித்து, “மெதுவாப் பேசு, மானம் போகுது” என்றான். நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்றோடு அண்ணி குரலை விழுங்கக் கற்றுக்கொண்டாள். வருடங்கள் போகப் போக, தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் அவளை வாயில்லாப் பூச்சி என்றார்கள். அதுதான் அவள் சுபாவம் என்று நானே நம்பிவிட்டேன். சே, என்ன ஜென்மம் நான்!

இருபது வருடம் கழித்து அண்ணன் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரலை எடுத்துவிட்டார்கள். அவன் எண்களைத் தவிர எழுதப் படிக்கத் தெரியாதவன். வீட்டுக்கு வந்த அன்று என்னிடம் வாயை அசைத்து அசைத்து எதையோ கேட்டான். தண்ணீர் கொடுத்தேன். போர்வையை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தேன். டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவன் உதட்டைப் பார்த்துச் சொன்னாள்: “கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொல்றாரு. அவர் முகத்தை அவருக்கே பாக்கப் பிடிக்கலையாம்.”

அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு அவன் உதடு நிற்கவே இல்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொல்றான் அண்ணி?”

“குரல் போனப்புறம் நான் யாருன்னு கேக்கறாரு. அதையேதான் திரும்பத் திரும்பக் கேக்கறாரு.”

அவள் எழுந்துபோய்க் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

அடுத்த மாதம் சந்தைத் தலைவர் வந்தார். “திங்கக்கிழமையிலருந்து வேற ஆளை நிறுத்துறோம். தப்பா எடுத்துக்காதப்பா” என்றார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒரு பருக்கை சோறு உள்ளே இறங்கவில்லை. இப்படியே போனால் ஆளே மிஞ்ச மாட்டான் என்று பயந்து, அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள்.

“ஒரே ஒரு நாள் கொடுங்க. அவர் வாயசைக்கட்டும், நான் சொல்றேன்” என்றாள்.

“காதுல விழலம்மா” என்றார் தலைவர். நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை மட்டும்.

அன்று காலை அண்ணன் தன் பழைய மேடையில் ஏறினான். மூன்றடி தள்ளி, அவனைப் பார்த்தபடி அண்ணி. முதல் பெட்டி வந்தது. அவன் வாயசைத்தான், அவள் சொன்னாள். அடுப்படியைத் தாண்டாத குரல் அது.

“கேக்கலையே!” என்று பின்னால் இருந்து ஒருவன் கத்தினான். இரண்டாவது பெட்டிக்கும் அதே குரல்தான். “வெண்கலம் வீட்டுல ஒரு தகரம்கூடக் கிடையாதா?” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். புது ஏலக்காரன் மேடைப் பக்கம் நகர்ந்துவிட்டான். தலைவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணன் கையை உயர்த்தி ஏலத்தை நிறுத்தினான். அண்ணியைப் பார்த்து மெல்ல ஏதோ சொன்னான். அவள் அதை எடுத்துச் சொல்லவில்லை. கண் நிறைந்து அப்படியே நின்றாள்.

நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். “என்ன அண்ணி? என்ன சொன்னான்?”

“சத்தமாப் பேசச் சொல்றாரு.”

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது பெட்டிக்கு அவள் வாயைத் திறந்தபோது, ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். எங்கள் வீட்டில் முதல் வாரம் உப்பு எங்கே என்று கேட்டாளே, அதே குரல்.